துடைத்த ஏழு இலைகள்

தங்கைக்குக் கழுத்தில் கட்டி. காலை ஒன்பது மணிக்கு உள்ளே கொண்டுபோனால் பதினொன்றுக்குள் அறுவை சிகிச்சை முடிந்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அக்கா மட்டும் ஆஸ்பத்திரிக்கு வரக் கூடாது என்று முந்தின நாளே தங்கை கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

"நீ நர்ஸுங்களைக் கேள்வி கேட்டே ஒரு வழி பண்ணிடுவ. உன் மூஞ்சியப் பாத்தா எனக்கும் பயம் வந்துடும். முடிஞ்சதும் அவர் போன் பண்ணுவார். நீ இங்கயே இருந்து செடிக்குத் தண்ணி ஊத்து, போதும்."

அக்கா மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவள். பதினெட்டு வருஷமாகக் கண்ணாடி துடைத்த கை. எங்கே தூசியைக் கண்டாலும் சும்மா இருக்காது. தங்கை வீட்டில் அன்று அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அடுப்பு மேடையை இரண்டு தரம் துடைத்தாயிற்று. மணி பத்தேகால்தான்.

ஜன்னலோரம் மூன்று புரோமிலியாட் செடிகள். இலைகள் சுற்றிச் சுற்றி அடுக்கி நடுவில் குழிந்திருப்பதால் தங்கை அவற்றைக் கிண்ணச் செடி என்பாள். அக்கா முதல் செடியின் குழியில் எட்டிப் பார்த்தாள். பழைய தண்ணீர் வாடை அடித்தது. கொசுப்புழு ஒன்று நெளிந்தது. தொட்டியை முற்றத்துக்குத் தூக்கிப்போய்ச் சாய்த்துக் கொட்டி, புதுத் தண்ணீர் ஊற்றினாள். ஈரத் துணியால் ஒவ்வோர் இலையையும் கீழே உள்ளங்கை கொடுத்து, அடியிலிருந்து நுனி வரை இழுத்தாள். ஓரத்து முள் மணிக்கட்டைக் கீறியது. இலை பளபளத்தது. இரண்டாவது செடியும் அப்படியே.

பதினொன்றரை. போன் வரவில்லை. இவள் போட்டாள், தங்கை புருஷன் எடுக்கவில்லை.

மூன்றாவது செடியின் அகன்ற இலைகளில் சாம்பல் நிறத்தில் பட்டை பட்டையாக ஏதோ படிந்திருந்தது. 'இவ்வளவு அழுக்கா? எத்தனை மாசமா இதைக்கூடக் கவனிக்க முடியாம இருந்திருக்கா' என்று நினைத்துக்கொண்டாள். அழுத்தித் தேய்த்தாள். துணியில் சாம்பல் வந்தது. இலை வெறும் பச்சையானது. ஏழு இலை முடித்து எட்டாவதைத் தொடும்போது எதிர்வீட்டு டீச்சர் எட்டிப் பார்த்தாள். அந்தச் செடியைக் கொடுத்தவளே அவள்தான்.

"ஏதாவது தகவல் வந்துச்சாம்மா?" என்றவள் துணியைப் பார்த்ததும் நின்றாள். "அடடா. அது தூசி இல்லம்மா. அந்த இலையே அப்படித்தான். அந்தச் சாம்பல் வழியாத்தான் அது ஈரத்த உறிஞ்சும்."

"திரும்ப வருமா?"

"இந்த இலையில வராது. புதுசா விடற இலையில இருக்கும்."

அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஒரே ஒரு வேலைதான் டீச்சர் சொன்னா. அதையும் கெடுத்துட்டேன்." அதுவரை பிடித்துவைத்திருந்த அழுகை எல்லாம் அப்போது வந்தது. டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஒன்றே முக்காலுக்குப் போன் அடித்தது. தங்கை புருஷன்தான்.

"முடிஞ்சுதுக்கா. நரம்போட ஒட்டிக்கிட்டு இருந்துச்சாம், அதான் நேரமாயிடுச்சு. கண்ணு முழிச்சுட்டா. ஒரு வாரம் பேசக் கூடாதாம்."

"சரி தம்பி" என்று வைத்துவிட்டாள். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை என்பது பிறகுதான் உறைத்தது.

நான்காம் நாள், வீடு திரும்பிய தங்கை செருப்பைக் கழற்றுவதற்குள் அக்கா எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். தங்கை செடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு நோட்டை எடுத்து எழுதினாள்: 'மிச்ச இலை மேல கை வச்ச, பேச்சு வந்ததும் இருக்கு உனக்கு.' எழுதி முடிக்கும்போதே சிரிப்பு வந்து, வலியில் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். அக்கா பயந்துபோய்த் தண்ணீர் எடுக்க ஓடினாள்.

கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவு வரும்வரை ஐந்து நாள் அக்கா அந்த வீட்டில் உட்காரவில்லை. அலமாரியைக் கலைத்தாள், அடுக்கினாள், திரும்பக் கலைத்தாள். செவ்வாய்க்கிழமை மாலை, பயப்பட ஒன்றுமில்லை என்று தாள் வந்தது. தங்கை அதை அக்காவை இரண்டு தரம் படிக்கவைத்துக் கேட்டாள்.

அன்றைக்கே அக்கா தன் வீட்டுக்குக் கிளம்பினாள். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. உட்கார்ந்த மாத்திரத்தில் தூங்கிப்போய், இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டி மூன்று நிறுத்தம் போய்விட்டாள்.