கணக்கில் வராத நாரை

காரில் ஏறியதிலிருந்து பிலியானா தலையைத் தூக்கவே இல்லை. பின் இருக்கையில் காலை மடக்கிக்கொண்டு, மடியில் டேப்லெட்டை வைத்து, அதற்குள்ளேயே விழுந்து கிடந்தாள். ஆறு வயதுப் பிள்ளைக்குக் கழுத்து வலிக்காதா? வெளியே மரிட்சா ஆற்றின் மூடுபனி இன்னும் முழுதாகக் கலையவில்லை. சாலையோரத்துக் காட்டுப்பிளம் மரங்கள் பனிக்குள்ளிருந்து வெள்ளை வெள்ளையாக மிதந்து வந்து பின்னால் போயின. வண்டி ஓடுகிறதா, ஊர் ஓடுகிறதா என்று தெரியாமல் எனக்குக் கண் சொக்கியது.

ஓட்டிக்கொண்டிருந்த என் தம்பி ருமெனுக்கோ மூக்குக்கு மேல் கோபம்.

"ஏய் பிலி, வெளிய பாருடி. ஊரே பூத்துக் கெடக்கு."

"ம்."

"என்னடி ம்மு? டேப்ல பாக்குறதெல்லாம் ஒரு பார்வையா? அதுல பாத்தா பாத்ததே இல்ல. கண்ணால பாக்கணும்!"

அவனையும் குறை சொல்ல முடியாது. மார்ச் முதல் தேதி விடியற்காலையில் அவன் மனைவி நெவேனா ஸ்பெயினுக்கு ஸ்ட்ராபெரி பறிக்கப் பஸ் ஏறினாள். கொஞ்ச நாளிலேயே பிள்ளை இப்படி ஆகிவிட்டது. வீட்டில் ஜன்னல் திரையை விலக்க விடமாட்டாள். முற்றத்துக்கு விளையாட வரமாட்டாள். பள்ளிக்கு நடக்கும்போதுகூட டேப்லெட் முகத்துக்கு நேரே இருக்கும். டீச்சர் கூப்பிட்டு ருமெனைக் கிழித்துத் தொங்கவிட்டாள். ஒரு நாள் அதை மாவு டின்னுக்குள் ஒளித்து வைத்தான். அன்றைக்கு அவள் வாசற்படியே தாண்டவில்லை. "அதுக்கு அம்மா போயி, டேப்பு அம்மாவாயிடுச்சுக்கா" என்று என்னிடம் அழுதான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

சாயங்காலம் நெவேனா அழைத்தால், பிலியானா முதலில் தன் மணிக்கட்டைத்தான் திரையில் நீட்டுவாள். "இருக்கும்மா!" என்பாள். கிளம்பும் முன் நெவேனா கட்டிவிட்ட மார்தெனிட்சா அது, சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய நூல். மார்ச் முதல் தேதி ஊரே கட்டிக்கொள்ளும். முதல் நாரையையோ பூத்த மரத்தையோ பார்த்ததும் அவிழ்த்துக் கிளையில் கட்டிவிட வேண்டும். என்னுடையது எங்கள் வீட்டுச் செர்ரி மரத்துக்குப் போய் ஒரு வாரமாகிறது. பிலியானாவின் நூல் சோப்பிலும் சூப்பிலும் ஊறி, எது சிவப்பு எது வெள்ளை என்று தெரியாமல் அழுக்கேறிக் கிடந்தது.

பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனிட்சா ஒரு துண்டு கொடுக்கலாமென்று பின்னால் திரும்பினேன். டேப்லெட் கறுப்பாக இருந்தது.

"சார்ஜ் போயிடுச்சாடி?"

"கெளம்பும்போதே போயிடுச்சு, அத்தை."

"பின்ன எதைடி இவ்ளோ நேரமா பாக்குற?"

அவள் ஒரு கையால் நூல் கட்டிய மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ருமென் வண்டியை ஓரங்கட்டி, எட்டி டேப்லெட்டைப் பிடுங்கினான். அவள் இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டாள்.

"கண்ணைத் தொறடி!"

"மாட்டேன்! மரம் பூத்திருக்கும். நாரை வந்திருக்கும். பாத்தா கழட்டணும்ல? அம்மா கட்டுனதுப்பா இது!"

இத்தனை நாளும் இந்தப் பிள்ளை வசந்தத்துக்குத் தெரியாமல் ஒளிந்து திரிந்திருக்கிறது. நாங்களோ டேப்லெட்டைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

ருமென் டேப்லெட்டின் கண்ணாடியைச் சட்டையில் துடைத்தான். அப்புறம் அவள் மடியில் திரும்ப வைத்தான்.

"இந்தா. வச்சுக்கோ."

கண்ணை அந்தக் கறுப்புக் கண்ணாடிமேல்தான் திறந்தாள். வண்டி மெதுவாக நகர்ந்தது. அடுத்த ஊரில் மின்கம்பத்துக்கு மின்கம்பம் நாரைக்கூடு. எல்லாக் கூட்டிலும் ஆள் வந்தாகிவிட்டது. அலகைத் தட்டும் சத்தம் கூரைகளின் மேல் லொடலொடவென்று உருண்டது.

"என்னப்பா சத்தம்?"

"எஞ்சின்டா கண்ணு. பழைய வண்டில்ல?"

சொல்லிக்கொண்டே அவன் சட்டைக் கையை இழுத்துவிட்டான். அதற்குள் நான் பார்த்துவிட்டேன். ஓரத்தில் சிவப்பு நூல். படுபாவி, இவனும் கழற்றவில்லை.

"அப்பா."

"என்னம்மா?"

"இந்தக் கண்ணாடிக்குள்ள ஒன்னு பறந்து போச்சு. செவப்புக் காலு. டேப்ல பாத்தா பாத்ததே இல்லன்னு நீதானே சொன்ன?"

ருமென் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆமாடா. அது கணக்குல வராது."

பிலியானா பெருமூச்சு விட்டாள். கறுப்புக் கண்ணாடியில் வானம் ஓடிக்கொண்டிருந்தது. நூல் கட்டிய கையை அதன்மேல் வைத்துக்கொண்டு, பூத்த மரங்களை ஒவ்வொன்றாக விரலுக்கடியில் போகவிட்டாள்.