பதினாலாம் நம்பர் இருக்கை

டிசம்பர் பிறந்துவிட்டால் தார் எஸ் சலாமில் பிழைக்கிற கிளிமஞ்சாரோ மலைக்காரர்களுக்குக் கால் தரையில் பாவாது. வங்கி மேலாளரானாலும் சரி, கிழங்கு வறுத்து விற்கிறவரானாலும் சரி, கிறிஸ்துமஸுக்கு மலை ஏறியே தீர வேண்டும். அத்தனை பேரையும் ஏற்றி அனுப்புகிறவள் கௌடென்சியா. அந்த நகரத்து எம்பெஸி பஸ் நிலையத்தில் பதினோரு வருஷமாக ஒரு பஸ் கம்பெனியின் சீட்டு ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறாள். அவளும் மலைக்காரிதான். ஆனால் மூன்று கிறிஸ்துமஸாக அவள் மட்டும் ஊர் போகவில்லை. பந்தியில் ஊருக்கெல்லாம் பரிமாறிவிட்டுக் கடைசியில் வெறும் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவள் நிலைமைதான்.

புருஷன் செத்த பிறகு மகள் தேவோத்தாவை மலையில் மஷாதி கிராமத்தில் தன் அப்பாவிடம் விட்டிருந்தாள். விடிகாலை ஐந்துக்குப் போய் இரவு எட்டுக்குத் திரும்புகிறவள் ஒன்பது வயசுப் பிள்ளையை எப்படி வளர்ப்பாள்? இந்த வருஷம் போனில் சத்தியமே பண்ணிக் கொடுத்துவிட்டாள்.

"இருபத்தி நாலாம் தேதி, முதல் பஸ், பதினாலாம் நம்பர், ஜன்னல் ஓரம். போதுமாடி?"

"போன வருஷமும் இப்படித்தாம்மா சொன்னீங்க."

"போன வருஷம் நம்பர் சொன்னேனா? இந்தத் தடவை நம்பரே சொல்றேன் பாரு."

கௌடென்சியாவின் அப்பா வீட்டில் கிறிஸ்துமஸ் முறை ஒன்று உண்டு. மூத்த பிள்ளை ஊர் எல்லைக்கு வந்த பிறகுதான் ஆட்டில் கத்தி வைப்பார்கள். நெஞ்சுக்கறியை மூத்த பிள்ளை தன் கையால் அப்பாவுக்கு எடுத்துக் கொடுக்க வேண்டும். மூத்தவள் இவள்தான், ஆனால் மூன்று வருஷமாகத் தங்கச்சிதான் கொடுத்தாள். அப்பா பாதியில் கை கழுவிவிட்டு எழுந்துவிட்டார் என்று தங்கச்சி சொன்னாள். அதைக் கேட்ட அன்று கௌடென்சியாவுக்குச் சோறு இறங்கவில்லை.

பக்கத்து ஜன்னல் ரஹ்மா கடற்கரைக்காரி, முஸ்லிம். அவள் பெருநாளைக்குக் கௌடென்சியா இரண்டு ஜன்னலையும் பார்ப்பாள். கிறிஸ்துமஸுக்கு ரஹ்மா பார்க்க வேண்டும் என்பது பேச்சு. மூன்று வருஷமாக ரஹ்மா பார்க்கத் தயார், இவள்தான் எழுந்திருக்கவில்லை.

"இந்தத் தடவை நீ போகலன்னா உன்னைத் தூக்கிப் பஸ்ஸுக்குள்ள நானே போடுவேன்" என்றாள் ரஹ்மா. "நீ இல்லன்னா இந்த நிலையம் இடிஞ்சா விழுந்துடும்?"

இருபத்தி நாலாம் தேதி விடிகாலை. தேவோத்தாவுக்கு வாங்கிய சிவப்புச் செருப்பு பையில் இருக்கிறது. பயணிகள் பட்டியலைத் தன் கையாலேயே எழுதி, பதினாலுக்கு நேரே தன் பெயரை அழுத்தமாக எழுதி, நடத்துநரிடம் கொடுத்தாயிற்று. ஒரு காலைப் படியிலும் வைத்துவிட்டாள். பின்னால் ஒருத்தி ஓடி வந்தாள். பெயர் பிரிஸ்கா, மஷாதிக்குப் பக்கத்து ஊர்க்காரி. முதுகில் குழந்தை, கையில் சீட்டு. சீட்டைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, தரகன் எவனோ விற்ற போலி.

"அக்கா, அம்மாவுக்கு முடியலக்கா. இன்னிக்குப் போகலன்னா நான் முகத்தைப் பார்க்க முடியாதுக்கா."

கௌடென்சியா என்ன செய்வாள்? பதினோரு வருஷமாக இடம் கொடுத்துக் கொடுத்தே பழகிய கை. "ஏறு, பதினாலுல உட்காரு. நான் எட்டு மணி வண்டியில வந்துக்கறேன்" என்று சொல்லிவிட்டாள். பட்டியலைத் திருத்தவில்லை. டிசம்பரில் யார் திருத்துகிறார்கள்? ஆள் மாறும், பெயர் மாறாது. அந்த நிலையத்தில் எல்லோரும் செய்கிறதுதான்.

எட்டு மணி வண்டியில் எள் விழ இடமில்லை. பத்து மணி வண்டி நிலையத்துக்கு வரும் வழியிலேயே படுத்துவிட்டது. அதற்குக் காத்திருந்த ஜனமெல்லாம் ஜன்னலை உடைக்காத குறையாக மொய்க்க, ரஹ்மா ஒற்றை ஆளாகத் திணற, பையைக் கீழே வைத்துவிட்டு இவளும் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டாள். வீட்டுக்குச் சொல்ல வேண்டும், சொல்ல வேண்டும் என்று நினைத்தபடியே சாயங்காலம் ஆறரை ஆகிவிட்டது. அடிப் பாவி, ஒரு நிமிஷம் கிடைக்கவில்லையா உனக்கு?

நிலையம் காலியான பிறகுதான் போனை எடுத்தாள். அப்பாதான் பேசினார்.

"நீ போனை எடுக்கல. பஸ்காரங்ககிட்ட நம்பர் வாங்கி நாலு மணிக்கு நடத்துநர் பையனுக்குப் போன் போட்டேன். பட்டியலைப் பார்த்துட்டு, ஊர் எல்லை வந்தாச்சு, பதினாலுல கௌடென்சியா இருக்காங்கன்னான். ஆட்டை அறுத்துட்டேன்மா."

டிசம்பருக்கென்று புதிதாகச் சேர்ந்த நடத்துநர். காலையில் பட்டியல் கொடுத்தவள்தான் கௌடென்சியா என்று அவனுக்குத் தெரியாது, அதில் இருந்த பெயர்தான் தெரியும்.

"அப்பா, தேவோத்தா..."

"ரோட்டுக்குப் போயிருந்தா. இரு, தரேன்."

தேவோத்தா போனை வாங்கினாள்.

"அழுதியாடி கண்ணு?"

"இல்லம்மா. பஸ் வந்துச்சு. நடத்துநர் அண்ணன் பட்டியலைப் பார்த்து உங்க பேரைச் சத்தமா கூப்பிட்டாரு. நான் கையத் தூக்கிட்டே கதவுகிட்ட ஓடினேன். வேற அத்தை இறங்கினாங்க."

"நாளைக்கு வரேன். நிச்சயமா வரேன்டி."

"சரிங்கம்மா" என்றாள் தேவோத்தா. சண்டை பிடித்திருந்தால்கூடத் தேவலை. இடமில்லை, நாளைக்கு வாங்க என்று இவள் ஜன்னலில் சொல்லும்போது சிலர் தலையாட்டிவிட்டுப் போவார்களே, அந்த மாதிரி ஒரு சரி.

மறுநாள் விடியுமுன்பே ரஹ்மா வந்துவிட்டாள். கௌடென்சியாவின் பையைத் தானே தூக்கிக்கொண்டு போய்ப் பஸ்ஸில் வைத்தாள். "முதலாளி கேட்டா நான் பார்த்துக்கறேன். நீ திரும்பிப் பார்க்காம போ."

கிறிஸ்துமஸ் அன்று யார் பயணம் போகிறார்கள்? ஐம்பது இருக்கை வண்டியில் ஏழு பேர், மலையடிவாரத்து மோஷி நகரம் தாண்டியதும் இவள் ஒருத்திதான். பதினாலில் உட்கார்ந்து சிவப்புச் செருப்பை மடியில் வைத்திருந்தாள். வழியெல்லாம் கோயில் விட்டுப் புத்தாடையோடு ஜனங்கள் கூட்டம் கூட்டமாக நடந்தார்கள். இத்தனை பேரையும் நான்தானே ஏற்றி அனுப்பினேன் என்று நினைத்தாள். ஒருத்தரும் இவளைப் பார்க்கவில்லை. வாய்விட்டே அழுதாள், கேட்க ஆளில்லாததால் அடக்கவும் தோன்றவில்லை.

மஷாதியில் வண்டி நின்றது. நடத்துநர் கலிஸ்தி பழைய ஆள், பதினோரு வருஷப் பழக்கம். இருந்தும் இறங்குகிறவர் பெயரை வெளியே காத்திருக்கிறவர்களுக்குச் சொல்கிற முறை விடாமல் பட்டியலைப் பிரித்து, கதவைத் திறந்து, வெளியே பார்த்துச் சத்தமாகக் கூப்பிட்டார்.

"கௌடென்சியா! பதினாலு!"

ரோட்டோரம் வாழைமரங்களும் ஒரு கட்டிப்போட்ட பசுவும்தான் இருந்தன. கௌடென்சியா படியில் நின்று கையைத் தூக்கினாள். கொஞ்ச நேரம் அப்படியே தூக்கியபடி நின்றாள்.

"தேவோத்தா அம்மா, யாரும் வரலையா? வருவீங்கன்னு சொல்லலையா?" என்றார் கலிஸ்தி.

"சொன்னேன் கலிஸ்தி" என்று அவள் இறங்கினாள்.