பாரீஸிலிருந்து ஒரே நாள்

பாரீஸிலிருந்து பம்பாய்க்கு விமானத்தில் ஒரே நாள்தான் என்று மாப்பிள்ளை தட்சிணாமூர்த்தி எழுதியிருந்தான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை, லீவு கொஞ்சம். அதனால் கல்யாணத்துக்கு முதல் நாள் வந்து இறங்குவதாக ஏற்பாடு. அவனுடைய அம்மா குஞ்சம்மாள் இதை நெல்லித்தோப்பு முழுக்கப் பெருமையாகச் சொல்லித் திரிந்தாள்.

"பம்பாய் வந்துட்டா ஆச்சா அத்தை? அங்கேர்ந்து மெட்ராஸ், அப்புறம் விழுப்புரம், அப்புறம்தான நம்ம ஊரு" என்று கேட்டாள் மணப்பெண் அஞ்சலாட்சி.

"கப்பல்ல வர்றவனுக்குத்தான் அந்தக் கவலையெல்லாம். எம்புள்ள பறந்து வர்றான்."

அப்பா காசிலிங்கம் மகளை அடக்கிவிட்டார். சம்பந்தியிடம் வாயாடக் கூடாதாம்.

கெய்ரோவில் விமானம் பழுதாகி நின்றுவிட்டதாக முதல் தந்தி வந்தது. கல்யாணத்தன்று காலையில் இன்னொன்று: பம்பாய் வந்துவிட்டான், மெட்ராஸ் விமானத்தைத் தவறவிட்டான், ரயிலில் வருகிறான். முதலியார்பேட்டையில் பெண் வீட்டுப் பந்தலில் மேளம் பாதியில் நின்றது.

"முகூர்த்தம் தவறக் கூடாது. அவன் போட்டோவ மணையில வையிங்க, அவனுக்குப் பதிலா அவன் தங்கச்சி தாலி கட்டட்டும்" என்றாள் குஞ்சம்மாள். பெரியவர்கள் தலையாட்டினார்கள். காசிலிங்கமும் அவர்களோடு சேர்ந்துகொண்டார்.

அஞ்சலாட்சி மணையை விட்டு எழுந்தாள். "போட்டோவுக்கு நான் கழுத்த நீட்ட மாட்டேன்."

"ஊரக் கூட்டி வெச்சு மானத்த வாங்குறியாடி?" என்று சீறினாள் குஞ்சம்மாள்.

"அன்னிக்கே கேட்டேன். ஒருத்தராவது காதுல வாங்குனீங்களா?"

வந்தவர்கள் சாப்பிட்டுக் கலைந்தார்கள். மீந்த சோற்றை வண்ணான் குட்டை ஓரமாகக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்த காசிலிங்கம், மகளைத் தாண்டிப் போய்ச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

மறுநாள் சாயங்காலம், முகமெல்லாம் கரித்தூளுடன் தட்சிணாமூர்த்தி வந்து நின்றான். "பாரீஸ், பம்பாய் ஒரே நாள்தான். அதுல தப்பே இல்ல. கெய்ரோவுல மட்டும்..."

"இன்னமும் அதையே சொல்றீங்களே!" அஞ்சலாட்சிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "நான் பம்பாயிலயா உக்காந்திருந்தேன்?"



ஐயர் பஞ்சாங்கத்தைப் புரட்டினார். அடுத்த முகூர்த்தம் அவன் லீவு முடிந்த பிறகுதான். அடுத்த லீவில் பார்த்துக்கொள்ளலாம் என்றாள் குஞ்சம்மாள். அது எப்போது வருமென்று அவனுக்கே தெரியாது.

"நீ என்ன சொல்ற?" என்று முதல் தடவையாக அஞ்சலாட்சியைக் கேட்டான்.

"நாளைக்கே கட்டுங்க."

"நாளைக்கு அஷ்டமிடி!" என்று கத்தினாள் குஞ்சம்மாள்.

"இருக்கட்டும்."

அம்மன் கோயிலில் மேளமில்லாமல் தாலி ஏறியது. குஞ்சம்மாள் வரவில்லை. அலைச்சலில் அடித்துப்போட்டாற்போல அவன் ஒரு பகல் முழுக்கத் தூங்கினான். பிறகு, வழியில் எதுவும் தவறிவிடக் கூடாதென்று விமானத்துக்கு இரண்டு நாள் முன்னதாகவே பம்பாய்க்குக் கிளம்பினான்.

ரயிலடியில் அஞ்சலாட்சி கையசைக்கவில்லை. அவன் மேல் அவளுக்குக் கோபமில்லை. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாததுதான் அவளுக்குத் தாங்கவில்லை.