மூன்றாவது கொட்டாங்கச்சி

சங்கரநாராயணனுக்குக் குடியை விடுவது கஷ்டமாக இல்லை. கூட்டாளிகளை விடுவதுதான் முடியவில்லை.

கணையம் வீங்கி ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்தபோது, இனி தொட்டால் உயிருக்கு உத்தரவாதமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவரும் கேட்டுக்கொண்டார். ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் வந்தால் அருள்ராஜும் முருகனும் மயூர் விஹார் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்காகத்தான் காவாவைப் பிடித்தார். சாணக்யபுரியில் அவர் கணக்கு எழுதிய தீவு நாட்டுத் தூதரகத்தில் விருந்தென்றால் அதுதான். ஏதோ வேரின் பொடி. துணியில் கட்டித் தண்ணீரில் பிசைந்து, கொட்டாங்கச்சியில் ஊற்றி, எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து குடிப்பார்கள். வாங்குமுன் ஒரு கைத்தட்டு, குடித்தபின் மூன்று கைத்தட்டு. நாக்கு மரத்துப்போகும், உடம்பு தளரும், மனசு அடங்கும். கேட்டதற்கு டாக்டர், அளவோடு இருக்கட்டும் என்று அரை மனதாகச் சொன்னார்.

மனைவி பட்டு துருவிப் போட்ட தேங்காய்களின் கொட்டாங்கச்சிகளை அவரே உட்கார்ந்து வழவழவென்று தேய்த்து வைத்தார்.

நண்பர்கள் ஒரு சனிக்கிழமை வந்தார்கள். அந்தக் கலங்கலைப் பார்த்து, யமுனைத் தண்ணீரை மொண்டு வந்தீர்களா என்று முருகன் கேலி செய்தான். சீக்கிரமே ஏதோ வேலையென்று கிளம்பினார்கள். அதற்கப்புறம் கச்சேரி அருள்ராஜ் வீட்டுக்கு மாறிவிட்டது. நட்பாம் நட்பு!

அவரோ ஒவ்வொரு சனிக்கிழமையும் மூன்று கொட்டாங்கச்சி வைத்துக் காத்திருந்தார். பிறகு தனியாகக் குடித்துத் தனியாகத் தட்டுவார். வருஷக்கணக்காக அந்த இருவரையும் வாய்க்கு வந்தபடி திட்டிய பட்டுவுக்கே அது தாங்கவில்லை. அருள்ராஜுக்குப் போன் போட்டாள்.

"ஒரு தடவை வந்துட்டுப் போங்கோ. அவர் ஒத்தையா உக்காந்து கையைத் தட்டிண்டிருக்கார். என்னால பாக்க முடியலை."

வந்தார்கள். அருள்ராஜின் பையில் பாட்டிலும் வந்தது. சாருக்கு அது, எங்களுக்கு இது என்றான் முருகன். பட்டு தடுத்திருக்கலாம். ஆனால் கூடத்திலிருந்து அவர் சிரிக்கும் சத்தம் கேட்டது. எத்தனையோ நாளாகக் கேட்காத சிரிப்பு. அது நின்றுவிடக் கூடாதே என்று அவளே ஐஸ் கொண்டுபோய் வைத்தாள், பாவி மனுஷி.

அடுக்களையில் அப்பளம் பொரித்துக்கொண்டே கைத்தட்டலுக்குக் காது கொடுத்திருந்தாள். முதலில் கேட்டது. பிறகு கேட்கவில்லை. எட்டிப் பார்த்தபோது அவர் கையில் கண்ணாடித் தம்ளர் இருந்தது. ஒண்ணே ஒண்ணுதான் என்றார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து அவளுக்குக் கத்த வாய் வரவில்லை.

அதன்பிறகு யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் தவறாமல் வந்தார்கள். ஜனவரிக் குளிரில் மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவில்லை.

பதின்மூன்றாம் நாள் சாப்பாடு முடிந்ததும் அருள்ராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, என்ன உதவி வேண்டுமானாலும் கேட்கச் சொன்னான். பட்டு இருவரையும் உட்காரச் சொன்னாள். டப்பாவில் மீதியிருந்த பொடியைப் பிசைந்து வந்து மூன்று கொட்டாங்கச்சியிலும் ஊற்றினாள். ஒன்றை அவர் வழக்கமாக உட்காரும் இடத்தில் வைத்தாள். இருவரும் குடித்து முடித்தார்கள்.

"தட்டுங்கோ," என்றாள் பட்டு. "இதுக்குத்தான் அவர் காத்துண்டிருந்தார்."