பார்த்தால் ஏறும் படம்

லிஃப்ட் மெக்கானிக் ஒரு சொட்டுகூடக் குடிக்காமல், சுவரில் மாட்டியிருந்த ஒரு புகைப்படத்தைப் பார்த்தே போதை தலைக்கேறி, தன் அக்கா வீட்டு மாடிப்படியில் உருண்டு விழுந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்பு. அவனைக் கூட்டிப்போக அவன் மனைவியும் மகளும் வாசலில் வந்து நின்ற நேரம் அது. படத்தை எடுத்தவர் அக்காவின் கணவர், கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். அந்த வீட்டில் இருக்கும் படங்களைப் பார்த்தால் போதை ஏறும் என்பது அங்கே நின்றவர்களில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அவர் வாயைத் திறக்கவில்லை.

கண்ணாடிக்காரர் மதுவை நாக்கில் வைத்துப் பார்த்தவர் இல்லை. அவருக்குப் பிடித்துப்போனது அதன் நிறம். எதிர்ச்சாரியிலிருந்த பாரின் கேஷியர் ஒரு நாள் கழன்றுபோன கண்ணாடிக் காலை மாட்டிப்போக வந்தவர், கையிலிருந்த விஸ்கி பாட்டிலை மேசைமேல் வைத்தார். ஜன்னல் வெயில் அதற்குள் நுழைந்து மறுபக்கம் வந்து, சுவரிலிருந்த கண் சோதிக்கும் எழுத்து அட்டையின் கடைசி வரிகளைத் தேன் நிறமாக்கியது. கண்ணாடிக்காரர் திருகாணியைக் கையில் வைத்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மாதமே ஒரு கேமரா வாங்கினார். அதன் பிறகு கேஷியர் பாட்டில்களை இரவல் கொடுத்தார், கண்ணாடிக்காரர் அவருக்கும் அவர் வீட்டாருக்கும் கண்ணாடி பார்த்துக் கொடுத்தார். லென்ஸ் துடைக்கும் துணியால் பாட்டிலைக் கைரேகை இல்லாமல் துடைப்பார். பாட்டிலின் வடிவத்தில் வெள்ளிக் காகிதத்தைக் கத்தரித்து அதன் முதுகுக்குப் பின்னால் மறைத்து வைப்பார். அப்போது உள்ளிருக்கும் திரவம் தானே விளக்கேற்றிக்கொண்டதுபோல் ஒளிரும். லேபிளை எப்போதும் பின்பக்கம் திருப்பிவிடுவார். பாட்டில்கள் அலுத்தபோது விஸ்கி ஆலைகளைத் தேடிப் போனார். ஞாயிறுதோறும் பஸ் ஏறி, ஆலையின் புகைபோக்கியை, தண்ணீர்த் தொட்டியை, ஜன்னல் வழியே தெரியும் செம்புப் பாத்திரங்களின் வளைந்த கழுத்தை, பீப்பாய்கள் உறங்கும் கிடங்கின் சுவரை எடுத்து வருவார். கிடங்குச் சுவர்கள் கரிபோல் கறுத்திருக்கும். பீப்பாயிலிருந்து ஆவியாகும் விஸ்கியைத் தின்று வளரும் ஒரு பூஞ்சையின் நிறம் அது. ஆலைக் காவலாளிகள் அவருக்குப் பழகிப்போனார்கள். குடிக்கத் தெரியாதவன் குடியைப் பார்க்கப் பஸ் ஏறி வருகிறான் என்று அவரை வைத்துச் சிரித்துக்கொண்டார்கள்.

மனைவியிடம் இதையெல்லாம் அவரால் சொல்ல முடியவில்லை. அவளுடைய அப்பா குடித்தே செத்தவர். தம்பி மெக்கானிக்கும் அப்பாவின் வழியிலேயே பாதிதூரம் போயிருந்தான். அதனால் படத்திலிருக்கும் பாட்டில்களைத் தலைமுடி எண்ணெய் என்றும், ஆலைகளைச் சர்க்கரை ஆலை என்றும் சொல்லிவைத்தார். “சர்க்கரை ஆலைக்கு ஏன் சுவரெல்லாம் இப்படிக் கன்னங்கரேல்னு இருக்கு?” என்று அவள் ஒரு முறை கேட்டாள். “கரும்புப் புகை” என்றார். அவள் நம்பினாள். அவள் நம்பிய விதம் அவரைக் கொஞ்ச நாள் சரியாகச் சாப்பிடவிடவில்லை. பிறகு அதுவும் பழகிவிட்டது.

படங்களுக்கு இப்படி ஒரு குணம் உண்டு என்று முதலில் சொன்னவர் ஃபிரேம் போடுகிறவர். வெற்றிலைகூடப் போடாத மனிதர். ஒரு நாள் சாயங்காலம் பாட்டில் படம் ஒன்றை ஃபிரேம் போட்டுக் கொண்டுவந்தவர், கடை வாசற்படியை இரண்டு முறை தவறவிட்டு மூன்றாம் முறை ஏறினார். “சார், தப்பா நெனச்சுக்காதீங்க. அடுத்த தடவ உங்க படத்தக் கவுத்துப் போட்டுத்தான் ஆணி அடிப்பேன். ரொம்ப நேரம் பாத்தா ஏறுது” என்றார். கண்ணாடிக்காரர் சிரித்து மழுப்பினார். பிறகு மின்சாரக் கணக்கெடுக்க வந்தவர் மாடியில் அதே படத்தின் முன் கொஞ்சநேரம் நின்றுவிட்டு, இறங்கும்போது கைப்பிடிச் சுவரைக் கட்டிப்பிடித்துப் பாட ஆரம்பித்தார். கண்ணாடிக்காரருக்கு மட்டும் எந்தப் படமும் ஏறவில்லை. ஏன் என்று தெரியாது. சமையல்காரருக்குத் தன் சமையலில் பசி எடுக்காதது மாதிரி என்று எண்ணிக்கொண்டார். மனைவி பெருக்கத் துடைக்க மட்டும் மாடிக்கு ஏறுவாள், எந்தப் படத்தின் முன்னும் நின்றதில்லை.

மெக்கானிக் மறுவாழ்வு மையத்தில் ஒரு வருஷம் இருந்துவிட்டு ஒரு சனிக்கிழமை வெளியே வந்தான். மறுநாள் மனைவி வந்து கூட்டிப்போவதாக ஏற்பாடு. அந்த ஒரு ராத்திரிக்கு அக்கா அவனுக்கு மாடி அறையை ஒழித்துவைத்தாள். கண்ணாடிக்காரர் அவசரமாக ஏறிப் போய்ப் பாட்டில் படங்களை எல்லாம் கழற்றி அலமாரியில் பூட்டினார். சுவர் முழுக்கக் காலியானால் மனைவி ஏதாவது கேட்பாள் என்று கட்டடப் படங்களை விட்டுவைத்தார். கட்டடம் என்ன செய்துவிடும் என்று நினைத்தார். கிடங்கின் படம் கட்டிலுக்கு நேர் எதிரே இருந்தது. அந்தக் கிடங்கினுள் பீப்பாய்கள் எத்தனை வருஷமாக உறங்குகின்றன என்று காவலாளியே அவரிடம் பெருமையாகச் சொல்லியிருந்தான். அது அவருக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை, அல்லது வரவேண்டாம் என்று விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை மெக்கானிக் குளித்து, அக்கா இஸ்திரி போட்டு வைத்த சட்டையை மாட்டிக்கொண்டு, கசங்கிவிடும் என்று சாயாமல் கட்டில் விளிம்பில் நிமிர்ந்து உட்கார்ந்து காத்திருந்தான். பார்ப்பதற்கு எதிரே அந்தப் படம்தான் இருந்தது. வாசலில் மகளின் குரல் கேட்டு எழுந்தவன், பாதிப் படியில் கால் பின்னி, மீதிப் படிகளை உடம்பால் இறங்கி, மகளின் செருப்புக்குப் பக்கத்தில் வந்து விழுந்தான். மது வாடை கூடம் முழுக்க அடித்தது. எதிர்வீட்டுத் தையல்காரர், மருந்துக்கடைக்காரர், பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற டீச்சர் எல்லோரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். “ஒரு சொட்டு குடிக்கலக்கா. பாப்பா மேல சத்தியமா குடிக்கல” என்றான் குழறிக்கொண்டே. “அவ மேல சத்தியம் பண்ணாதடா பாவி!” என்று அக்கா கத்தினாள். அவன் மனைவி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்த வழியே போனாள். அக்கா மாடிக்கு ஓடி பாட்டிலைத் தேடினாள். தலையணை, மெத்தை, ஜன்னல் விளிம்பு, தண்ணீர்க் குடம் ஒன்றையும் விடவில்லை. கண்ணாடிக்காரரும் கூடவே தேடினார். வேட்டியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முழங்கால் போட்டு, கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். அங்கே ஒன்றும் இருக்காது என்று தெரிந்துதான் பார்த்தார்.

அதன் பிறகு மெக்கானிக் அக்கா வீட்டு வாசலை மிதிக்கவில்லை. தான் வேலை பார்க்கும் அலுவலகக் கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட் மோட்டார் ஓடும் அறையில், பாயை விரித்துக்கொண்டான். மழைக்காலம் வந்து போனது. அக்கா அவன் பேச்சை எடுக்கவில்லை. கண்ணாடிக்காரர் மட்டும் வீட்டுக்குத் தெரியாமல் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு போய் வந்தார். ஒவ்வொரு முறையும் லிஃப்டில் ஏறும்போது இன்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்வார், இறங்கும்போது அடுத்த முறை என்று மாற்றிக்கொள்வார். சொன்னால் பைத்தியம் என்று சிரிப்பார்களோ என்று பயந்ததாகப் பிற்பாடு சொன்னார். அது பாதி நிஜம். இத்தனை வருஷத்துச் சர்க்கரை ஆலையும் எண்ணெயும் மனைவி முன்னால் வெளுத்துவிடுமே என்பது மீதி.

கடைசியாகப் போன அன்று மெக்கானிக் மோட்டாருக்கு கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தான். கையைக் கந்தலில் துடைத்துவிட்டுப் பொட்டலத்தைப் பிரித்தவன், சாப்பிடாமல் சொன்னான்: “நான் குடிச்சுத்தான் இருப்பேன் மாமா. யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டேன். எங்க வாங்குனேன், எப்ப குடிச்சேன், ஒண்ணும் ஞாபகம் இல்ல. ஆனா குடிக்காம எப்படி ஏறும்? குடிச்சதே ஞாபகம் இல்லாத அளவுக்கு நான் கெட்டுப் போயிட்டேன்போல.”

கண்ணாடிக்காரர் லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படி வழியே இறங்கினார். வீட்டுக்கு வந்து, அரிசி களைந்துகொண்டிருந்த மனைவியைக் கையைப் பிடித்து மாடிக்கு அழைத்துப்போய்க் கிடங்குப் படத்தின் முன் நிற்கவைத்தார். “கொஞ்ச நேரம் இதையே பாரு. எதுவும் கேட்காத” என்றார். அவள் ஈரக் கையோடு பார்த்தாள். முதலில் அவள் காதுமடல் சிவந்தது. பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். கல்யாணத்தன்று அவருடைய மூக்கைப் பார்த்துக் கண்ணாடி வைக்கவே செய்த மூக்கு என்று தோழியிடம் சொன்னதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்தாள். அவள் மூச்சில் வந்த வாடை குழந்தையிலிருந்தே அவளுக்குத் தெரியும், அப்பாவின் சட்டையில் இருந்த வாடை. உள்ளங்கையில் ஊதி முகர்ந்து பார்த்தாள். சிரிப்பு அறுந்தது.

“அன்னைக்கு அவன் சொன்னது நெசமா?”

“நெசம்.”

“உங்களுக்கு எப்பத் தெரியும்?”

“அன்னைக்கே தெரியும்.”

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, குளியலறை வரை போய் வாந்தி எடுத்தாள். மறுநாள் காலை தலையில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். “அவன் விழுந்ததப் பாத்தவங்க ஒருத்தர் விடாம நீங்களே போய்ச் சொல்லணும். வீடு வீடா. சொல்லிட்டு அப்புறம் எங்கிட்டப் பேசுங்க.”

கண்ணாடிக்காரர் போனார். எண்ணெய் இல்லை, விஸ்கி, சர்க்கரை ஆலை இல்லை, சாராய ஆலை, படத்தைப் பார்த்தால் ஏறும் என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னார். சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. தையல்காரர், ஏறாமல் என்ன செய்யும், அந்த ஆலைப் பக்கம் பஸ்ஸில் போனாலே எனக்குக் கிறுகிறுக்கும் என்றார். மருந்துக்கடைக்காரர் படம் பெரிதானால் அளவும் கூடுமா என்று தொழில் அக்கறையோடு விசாரித்தார். டீச்சர் கண்ணாடியைக் கழற்றி, அதைச் செய்து கொடுத்தவரையே பார்த்தார். “போட்டோல போதை ஏறும், சரி. தெரிஞ்சிருந்தும் அந்தப் பிள்ளைய ஏன்யா அப்படி விட்டே?” என்றார். டீச்சர் வீட்டுக்கு முன்னும் பின்னும் போன எல்லா வாசலிலும், வேறு வேறு வார்த்தையில், இதே கேள்விதான் கடைசியாக வந்தது. தெருக்கோடி வரும்போது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

மெக்கானிக்கின் மனைவி அவரை உள்ளே கூப்பிடவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டே அவர் சொன்னதைக் கேட்டாள். “குடிச்ச அன்னைக்கெல்லாம் குடிச்சேன்னு ஒத்துக்குற மனுஷன் அவரு. அன்னைக்கு ஒரு நாள்தான் இல்லேன்னு சொன்னாரு. நான் அதை யோசிச்சிருக்கணும்” என்றாள். பிறகு, “கட்டிலுக்கு அடியில நீங்களும் தேடுனீங்களாமே அண்ணே?” என்று கேட்டாள். அவர் ஆமென்று தலையை ஆட்டினார். அவள் கதவை அடித்துச் சாத்தவில்லை, மெதுவாகத்தான் சாத்தினாள். அன்று சாயங்காலமே மகளோடு போய் மோட்டார் அறையிலிருந்த பாயைச் சுருட்டி, அவனை வீட்டுக்குக் கூட்டிவந்தாள்.

அன்று கண்ணாடிக்காரர் மோட்டார் அறைக்குப் போகவில்லை. மறுநாள் அவன் வேலை நேரத்தில் போனார். மெக்கானிக் எல்லாவற்றையும் ஏற்கெனவே கேட்டுவிட்டிருந்தான். “என்னை நானே சந்தேகப்பட வெச்சுட்டீங்களே மாமா” என்று மட்டும் சொல்லிவிட்டு, லிஃப்டை நிறுத்தியிருந்த சுவிட்சைப் போட்டான். மோட்டார் இரைச்சலில் அதற்குமேல் பேச வழியில்லை.

பிறகு வருஷங்கள் ஓடின. படங்கள் மாடி அறையிலேயே இருக்கின்றன. எரித்தால் புகை தெருவுக்கு ஆகாது என்று மருந்துக்கடைக்காரர் சொன்னதால் எரிக்கவில்லை. விருந்தாளிகளிடம், நிலைப்படி தாழ்வு, தலை இடிக்கும் என்று சொல்வதுபோல, அந்த அறையில் ரொம்ப நேரம் நிற்காதீர்கள் என்று சொல்லிவிடுகிறார்கள். கண்ணாடிக்காரர் கேமராவை விட்டார், பிறகு மறுபடி எடுத்தார். மனைவி இப்போது ஞாயிறுகளில் கூடவே போகிறாள். ஆலை வாசலில் குடையோடு உட்கார்ந்து, அது என்ன ஆலை என்று யார் கேட்டாலும் சத்தமாகச் சொல்கிறாள். மெக்கானிக் அக்காவைப் பார்க்க வருவான், காபி குடிப்பான், மாமாவோடு மழையையும் விலைவாசியையும் பேசுவான். அதற்கு மேல் பேச்சு நீளாது.

நாற்பது தாண்டியதும் அவனுக்கு வயரில் இருக்கும் நம்பர் மங்கலாகத் தெரிய ஆரம்பித்தது. ஊரில் வேறு கண்ணாடிக் கடைகளும் உண்டு. அவன் இங்கேதான் வந்தான். கண்ணாடிக்காரர் அவனை இருட்டறை நாற்காலியில் உட்காரவைத்து, கனத்த சோதனைச் சட்டத்தை அவன் மூக்கில் மாட்டி, லென்ஸை ஒவ்வொன்றாகப் போட்டார். இருவர் முகமும் ஒரு சாண் தூரத்தில் இருந்தன. மூன்றாவது லென்ஸ் சட்டத்தின் விளிம்பில் இடறி டக்டக்கென்று தட்டியது, உள்ளே இறங்க மறுத்தது.

“கை நடுங்குது மாமா” என்றான் அவன். “குடிச்சிருக்கீங்களா?”

“இல்லடா” என்றார் கண்ணாடிக்காரர்.

அவன் லென்ஸ் இல்லாத கண்ணால் அவரைப் பார்த்தான்.

“நம்புறேன்” என்றான். “அடுத்ததப் போடுங்க.”