ஓடெல் அடைத்த நாற்பது தோட்டாக்கள்

மான் வேட்டை தொடங்க இரண்டே நாள். டெல்மர் கடையில் தோட்டா அலமாரி வழித்துத் துடைத்த சட்டியாகக் கிடந்தது. அந்த வருஷம் மேற்கு வர்ஜீனியா முழுக்க இதே கதைதான். கல்லாவுக்குப் பின்னால் சில பெட்டிகளை மட்டும் டெல்மர் பதுக்கி வைத்திருந்தார். துப்பாக்கி வாங்குகிறவர்களுக்குத்தான் அவை, ஆளுக்கு ஒன்று.

டிரெஸா தன் புருஷன் ஓடெலின் துப்பாக்கியை மேசைமேல் வைத்தாள். வால்நட் மரத்தில் பிடிக்கட்டை, அவன் தாத்தா வாங்கியது. ஓடெல் செத்து மூன்று மாதம். அழுகை வரவில்லை, வரும் என்று காத்திருப்பதையும் விட்டுவிட்டாள். துக்கம் கேட்கச் சாப்பாட்டோடு வந்த ஊர் மூன்றாம் வாரமே பாத்திரத்தைத் திருப்பிக் கேட்டது. இரண்டு மான் விழுந்தால் அவளும் இரண்டு பெண்பிள்ளைகளும் குளிர்காலம் முழுக்கக் கறி தின்னலாம். விழாவிட்டால் டப்பா பீன்ஸ்.

"இத வச்சுக்கிட்டு, தோட்டா கிடைக்கிற துப்பாக்கியா ஒண்ணு குடுங்க டெல்மர்."

"இதையா? இதுக்கு ஊரே நாக்கத் தொங்கப் போடுமே."

"போடட்டும். தோட்டா எங்க கிடைக்கும்?"

டெல்மர் பிடரியைச் சொறிந்தார். "நல்ல காலத்துலயே வருஷத்துக்கு ரெண்டு பெட்டிதான் வரும். இப்ப இந்த அளவுத் தோட்டாவ எவனும் செய்யறதே இல்ல."

கதவு மணி அடித்தது. ஓடெலின் தம்பி வேட். யாரோ வத்தி வைத்திருக்கிறார்கள்.

"எங்க தாத்தா துப்பாக்கிய குடுத்துட்டு பிளாஸ்டிக் கட்டை வாங்கறியாமே? பொம்மக் கடைக்குப் போயிருந்தா தண்ணியாவது பீச்சும்."

"தோட்டா இல்ல, வேட்."

"அண்ணன் அடச்சு வச்ச நாப்பது எங்க போச்சு?"

நாற்பதும் அவள் பையில், ஒரு காபி டப்பாவில் இருந்தன. சுட்ட தோட்டாக்களின் பித்தளைக் கூடுகளைப் பொறுக்கிவந்து, வெடிமருந்தும் குண்டும் தானே அடைப்பான் ஓடெல். எவ்வளவு மருந்து என்று சீட்டெழுதி உள்ளே போடுவான். இந்த டப்பாவில் சீட்டு இல்லை.

"அடுத்தவன் அடச்ச தோட்டாவ சுடக்கூடாதுன்னு உங்க வீட்ல சொல்லித் தரலையாடா?" என்றார் டெல்மர்.

"அடுத்தவனா? எங்கண்ணன். அவன் கை தப்பாது. துப்பாக்கிய எனக்குக் குடு டிரெஸா, தோட்டாவும் சேத்து. உனக்கு ரெண்டு மான் நான் அடிச்சுத் தர்றேன்."

தலையாட்டினால் போதும். கறி வரும், கெட்ட பேர் வராது. ஆனால் அந்த நாற்பதையும் ஓடெல் அடைத்தது ஏப்ரலில். முதுகுவலி மாத்திரையை மிட்டாய் மாதிரி மென்றுகொண்டிருந்த மாதம். ஒருநாள் காபியில் உப்பைப் போட்டுக் குடித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றான். அதை மறைத்தது அவள்தான். மாரடைப்பு என்று ஊருக்குச் சொன்னதும் அவள்தான்.

"மாரடைப்பு இல்ல, வேட். மாத்திரை." விலைப்பட்டியல் வாசிக்கிற குரலில் சொன்னாள். "இத அடைக்கிறப்பவே கை நடுங்கிட்டிருந்துச்சு."

"செத்தவன் மேல பழி போட்டுத்தான் விக்கணுமா?"

அவள் டப்பாவை டெல்மர் பக்கம் தள்ளினாள். அவர் சின்னத் தராசை எடுத்து ஒவ்வொன்றாக வைத்தார். ஐந்தாவதில் நிறுத்தி, மறுபடி வைத்துப் பார்த்தார்.

"இதுல மருந்தே விழல."

அதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. அந்தக் குண்டு குழலுக்குள் சிக்கும். அடுத்தது சுடுகிறவன் முகத்தில் வெடிக்கும். வேட் அந்தத் தோட்டாவையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அம்மாகிட்ட சொல்லிடாத," என்றான். வெளியே போனான். மானைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

டெல்மர் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் கட்டைத் துப்பாக்கியையும் ஒரு பெட்டியையும் வைத்தார். "முன்னூத்தி எட்டு. பட்டாளம் சுடற அளவு. எந்தத் தோட்டா நின்னாலும் இது வரும். இருபது இருக்கு, குறி பாக்க அஞ்சு சுடு."

"மூணு போதும்."

வெளியே வேட் தன் வண்டியில் ஸ்டியரிங்மேல் நெற்றியை வைத்துக்கொண்டிருந்தான். கண்ணாடியைத் தட்டலாமா என்று டிரெஸா ஒரு நிமிஷம் நின்றாள். தட்டி என்ன சொல்வது? வெளிச்சம் போவதற்குள் மூன்று சுட வேண்டும். தன் வண்டிக்கு நடந்தாள்.