ஒட்டுநாடாவில் விழுந்த சுருக்கம்

கிளைடரின் இறக்கை நுனியைக் கையில் தாங்கியபடி அக்கா நின்றாள். முன்னால் இழுவை விமானம் உறுமியது. அதன் கயிறு புல்லிலிருந்து மெல்ல நிமிர்ந்துகொண்டிருந்தது. என்ஜின் இல்லாத இந்தக் கிளைடரை வடிவமைத்தவள் அவள். முதன்முதலாக ஓட்டிப் பார்க்க உள்ளே உட்கார்ந்திருந்தவன் அவள் தம்பி.

காற்றுக்குக் குறுக்கே எதுவும் துருத்திக்கொண்டிருக்கக் கூடாது என்பது அவள் பிடிவாதம். ஓட்டுபவர் ஸ்டிக்கை அசைத்தால் இறக்கையின் பின்விளிம்பில் எழுந்து தாழும் உட்பலகை, வெளிப்பலகை இரண்டுக்கும் தண்டுகளை உள்ளுக்குள்ளேயே ஓட்டியிருந்தாள். "இன்னைக்கும் பறக்கலேன்னா பழையபடி வெளியிலயே கம்பி வச்சிருவோம்மா" என்று பட்டறை முதலாளி காலையில் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். அந்த அவசரத்தில், சோதித்த பிறகு ஒட்டவேண்டிய நாடாவை, பலகைகளுக்கு நடுவிலிருந்த இடைவெளியை மூட முன்கூட்டியே ஒட்டிவிட்டாள்.

"என்னக்கா, பரீட்சை ரிசல்ட் பாக்குற மூஞ்சியா இருக்கு?" என்று ஜன்னல் வழியாகக் கத்தினான் தம்பி.

"வாய மூடிட்டு ஸ்டிக்க ஒரு தடவ அசைடா!"

"எத்தன தடவ! அதான் அசையுதே!"

அசைந்தது. உட்பலகை எழுந்தது. வெளிப்பலகையும் எழுந்தது, ஆனால் ஓர் இமைப்பொழுது தாமதமாக. நடுவே நாடாவில் ஒரு சுருக்கம் விழுந்து மறைந்தது.

தண்டு தள்ளினால் இரண்டும் ஒன்றாக எழ வேண்டும். வெளிப்பலகையைத் தண்டு தள்ளவில்லை; நாடாதான் இழுத்துக்கொண்டு போகிறது. மேலே காற்று அதைப் பிய்த்துவிடும்.

கயிறு இறுகியது. கத்தினால் இந்த இரைச்சலில் யாருக்குக் கேட்கும்? இறக்கை மட்டமாக இருந்தால் கிளம்பலாம். தரையைத் தொட்டால் நில் என்று அர்த்தம். அவள் இறக்கையைப் புல்லில் சாய்த்து, அதன்மேல் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டாள்.

இழுவை விமானத்தின் உறுமல் தணிந்தது.

"உனக்கென்ன பைத்தியமா?" என்று கண்ணாடி மூடியைத் தூக்கினான் தம்பி.

அவள் நாடாவை உரித்தெடுத்தாள். "இப்ப அசை."

உட்பலகை எழுந்தது. வெளிப்பலகை தொங்கியது தொங்கியபடியே கிடந்தது.

தம்பி இறங்கி வந்தான். இறக்கையின் அடியிலிருந்த சின்ன மூடியை அவள் கழற்றினாள். தண்டின் முனை, அதற்கான குழியில் இறங்காமல் ஓரமாகச் சாய்ந்திருந்தது. குனிந்து பார்த்தவன் நிமிர வெகுநேரமாயிற்று.

"நாடா நல்ல கம்பெனிதான்க்கா," என்றான் கடைசியில்.

முதலாளி மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். "இப்ப என்னம்மா?"

"டிரில் வேணும் சார். இந்த மூட்டுக்கு நேரா ஓட்ட போட்டுக் கண்ணாடி வைக்கணும்."

"வழவழன்னு வச்சிருந்தியே!"

"வெளிய இருந்து பாத்தாலே தெரியணும் சார்."

அவள் முனையைக் குழியில் அழுத்தினாள். டக்கென்று இறங்கியது. தம்பி போய் வெளிப்பலகையை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டான்.

"நீ உள்ள உக்காந்து ஸ்டிக்க அசைக்கா. தண்டு சரியா மாட்டியிருந்தா அது நகரக் கூடாது. நான் விடமாட்டேன்."